அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த பொன்னியின் செல்வன்

தியேட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில்தான், பெயர் வேண்டாம். வலப்பக்க ஸ்பீக்கர் கரகரத்துச் சண்டைக் காட்சிகளில் பாதி வசனத்தை விழுங்கிவிட்டது. கதிரை பரவாயில்லை. இடைவேளைக் கச்சான் சூடாக இருந்தது.

2022 ஒக்டோபர், மணிரத்னத்தின் படத்தின் முதல் பாகம். பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் காட்டி அளவாக வாங்கிய காலம் என்பதால் கல்லடியில் இருந்து பஸ்ஸில்தான் அம்மாவைக் கூட்டிப் போனேன். அவருக்கு 71 வயது. எழுத்தாளர் கல்கியின் இந்த நாவலை அம்மப்பா கல்கி இதழில் இருந்து வாராவாரம் வெட்டிக் கட்டிவைத்திருந்தார், அதன் ஐந்து பாகங்களையும் சின்ன வயதில் திரும்பத் திரும்ப வாசித்தவர். அந்தக் கட்டில் ஐந்தாம் பாகம் மட்டும் 1978 சூறாவளியில் நனைந்து போனது.

படம் தொடங்கி ஐந்து நிமிடம் இருக்காது, “எங்க புள்ள வீராணத்து ஏரி?” என்று கேட்டார். நாவல் ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில், குதிரையில் வரும் கதாநாயகன் வந்தியத்தேவனோடு தொடங்கும். படமோ சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் போரோடு தொடங்குகிறது. கல்கி நம்மோடு கதைத்துக்கொண்டே கூட்டிப்போவார், திரையில் தொடக்கத்தில் வரும் குரலைத் தவிர அதற்கு ஆள் இல்லை. படத்தின் முதல் பாகம் அவசரமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் ஒரு இடத்தில் மணிரத்னத்துக்குக் கைதட்டலாம். பழுவூர் இளையராணி நந்தினியும், கரிகாலனின் தம்பி அருள்மொழியைக் காப்பாற்றிவரும் ஊமை ராணியும் ஒரே முகச்சாயல். எழுத்தில் முகம் தெரியாது, கல்கி வேண்டியமட்டும் இழுக்கலாம். படத்தில் இரண்டு பேரும் ஐஸ்வர்யா ராய், பார்த்த உடனே குட்டு உடைந்துவிடும். அதனால் ஊமை ராணியின் முகத்தைக் காட்டாமலே கொண்டுபோய், முதல் பாகத்தின் முடிவில் கடலுக்கடியில் காட்டுகிறார். அம்மாவே ஒரு கணம் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் பாகம் 2023 ஏப்ரலில் வந்தது. (இனி வருவது கதையின் முடிவு, படம் பார்க்காதவர்கள் அடுத்த பந்தியைத் தாண்டுங்கள்.)

கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அடித்துச் சொல்லவில்லை, இருட்டில் விட்டுவிட்டார். கமராவால் அப்படி விட முடியுமா? படம் ஒரு பதிலைக் காட்டித்தான் ஆகவேண்டியிருந்தது, காட்டியதும் எனக்கு அந்த மர்மம் சப்பென்று போனது. மறுகா முடிசூட்டு விழா. படத்தில் அரியணைக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே கிரீடம். “இல்ல, நாவலில பூத்தொடுக்கிற சேந்தன் அமுதனுக்குத்தான்” என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். சரிபார்க்க வீட்டில் ஐந்தாம் பாகம் இல்லையே! அடுத்த நாளே நூலகத்தில் இரவல் எடுத்துப் பார்த்தேன். அம்மா சொன்னதுதான் சரி.

ஐந்து பாகத்தை ஐந்தரை மணித்தியாலத்துக்குள் அடக்க யாரையாவது வெட்டத்தான் வேண்டும், அது எனக்கு விளங்குகிறது. ஆனால் வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை மணிமேகலையை அடியோடு எடுத்துவிட்டார்கள். வந்தியத்தேவன் மடியில் அவள் உயிர் போகும் இடத்துக்காகவே அம்மா இரண்டாம் பாகத்துக்கு வந்திருந்தார்.

என் கணக்கில் ஐந்துக்கு மூன்றரை. அம்மா புள்ளி எதுவும் போடவில்லை. நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் திகதி தாண்டிவிட்டது, கேட்டால் மணிமேகலையிடம் இன்னும் வந்து சேரவில்லை என்கிறார்.