எனாமலா அக்ரிலிக்கா, எனக்கு எது செட் ஆச்சு

எட்டு மாசமா ஒரே ஒரு 1/24 (நிஜ கார்ல 24-ல ஒரு பங்கு அளவு) பிளாஸ்டிக் மாடல் கார்தான் செஞ்சிட்டு இருக்கேன், ராத்திரி சாப்பிட்டப்புறம் கிடைக்கிற அரை மணி நேரம்தான், அதனால எந்த பெயின்ட்ங்கிறது எனக்கு பெரிய விஷயம். அக்ரிலிக் சீக்கிரம் காயும், வாடையும் கம்மி, குழந்தைங்க இருக்கிற வீட்டுக்கு இதான் நல்லது. ஆனா கிருஷ்ணகிரி ஏப்ரல் சூட்டுல டேஷ்போர்டு பாதி அடிக்கறதுக்குள்ள பிரஷ் நுனியிலயே காஞ்சு கோடு கோடா இழுக்குது, பெயின்ட் சீக்கிரம் காயாம இருக்க கலக்குற ரிட்டார்டர் ரெண்டு சொட்டு விட்டாதான் ஓடுது.

எனாமல் காய ஒரு நாளாவது ஆகும், ஆனா அந்த நேரத்துல பிரஷ் தடம் தானா சமமாயிடும். ஸ்பீடோமீட்டர் முள்ளுக்கு வெள்ளை வைக்கிறப்ப கை தவறிடுச்சுன்னா எனாமல் தின்னர் தொட்ட பட்ஸால மெதுவா துடைச்சா போதும், அடியில நல்லா காஞ்ச அக்ரிலிக் அசையாது, இதுக்காகவே எனக்கு அது பிடிக்கும். தின்னர மட்டும் வெறும் பிளாஸ்டிக்ல தேங்க விடாதீங்க, எனக்கு கதவு ஓரமே விரிசல் விட்டுடுச்சு.

என் கணக்கு, அடி கலருக்கு அக்ரிலிக், நுணுக்கமான வேலைக்கு எனாமல். காயற வரைக்கும் தூசி ஒட்டாம இருக்க எவர்சில்வர் டப்பாவ கவுத்து வச்சிட்டு படுத்துடுவேன்.