ஈத் லீவுக்கு எங்கே போகலாம்: மஸ்கட்டா, திபிலிசியா, ஊரா?

நோன்பு பாதி கழிந்ததும் துபாயில் நம்மவர்கள் வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்கு ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசிக்குப் போய்ப் பனி பார்க்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஓமான் தலைநகர் மஸ்கட்டில் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குக் காரிலேயே போய்விட ஆசை. அம்மாவிடம் இப்போதுதான் போன் பேசி வைத்தவர், "ஊருக்கே ஒரு நடை போயிட்டு வந்துடலாமே" என்பார்.

ஊரை முதலில் பார்த்துவிடுவோம். சென்னைக்கு விமானத்தில் 4 மணி நேரம்தான். ஆனால் ஈத் வாரத்து டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். போய் இறங்கினால் பேங்க் கேஒய்சி, ஆதார் வேலை, வரமுடியாமல் போன கல்யாணங்களுக்கு மொய், "வந்துட்டு எங்க வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலையே" என்கிற சித்தியின் வருத்தம். நாலு நாளில் இதெல்லாம் அடங்காது. ஊர் ஆண்டு விடுப்புக்கு உரியது. அதை இந்தப் போட்டியில் சேர்ப்பதே ஊருக்குச் செய்யும் அநியாயம்.

நிஜமான போட்டி மஸ்கட்டுக்கும் திபிலிசிக்கும்தான். அதில் விசாவையும் ஓட்டலையும் விடப் பெரிய விஷயம் பிறை. அமீரகத்தில் நோன்புப் பெருநாளுக்கு ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தின் முதல் 3 நாள் விடுமுறை. ரமலான் 30 நாளாகப் போனால் அந்த 30-ஆம் நாளும் சேரும். அது 29-ஆம் நோன்பு இரவு பிறை தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் தெரியும். விமான டிக்கெட்டோ அதற்குள் கைக்கு எட்டாத விலைக்குப் போயிருக்கும். முன்கூட்டியே குத்துமதிப்பாகப் போட்டால், ஒன்று லீவில் ஒரு நாள் வீணாகும், அல்லது மேனேஜரிடம் ஒரு நாள் கெஞ்ச வேண்டிவரும். கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பிறைச் செய்தி வந்ததும் பெட்டி கட்டலாம்.

விசா இரண்டுக்கும் சுலபம். அமீரக ரெசிடென்ஸ் விசா இருந்தால் ஜார்ஜியாவுக்கு விசா வேண்டாம். ஆனால் 2026 முதல் அங்கே போகும் சுற்றுலாப் பயணிக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். திரும்பும் டிக்கெட்டையும் ஓட்டல் புக்கிங்கையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், போன் சார்ஜை நம்பாதீர்கள். ஓமானுக்குத் தரைவழியாகப் போனால் அமீரகத்தை விட்டு வெளியேற ஆளுக்கு 35 திர்ஹம். வண்டிக்கு ஓமானில் செல்லும் இன்ஷூரன்ஸ் வேண்டும், ஆரஞ்சு கார்டு என்பார்கள். கார் வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய தடையில்லாக் கடிதம் வேண்டும். ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஒருமுறை நுழைவு விசாவாக இருந்தால் பார்டரைத் தாண்டியதும் அது முடிந்துபோகும்.

துபாயிலிருந்து மஸ்கட் சுமார் 450 கிலோமீட்டர். ஹத்தா தாண்டி, அல் வஜாஜா எல்லைச் சாவடியில் இறங்கி, சோஹார் வழியாகக் கடலோரச் சமவெளியில் நேராகப் போகிற சாலை. பெருநாள் முந்தின இரவு பார்டரில் கார்கள் வால் போல நீளும். விடிவதற்கு முன் போய்ச் சேர்வது நல்லது. ஒருமுறை டிக்கியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, ஐஸ் பெட்டிக்குள் டப்பா டப்பாவாக இருந்த தோசை மாவைப் பார்த்தார். மூடியைத் திறந்து முகர்ந்தார், புளிப்பு வாடை அடித்ததும் சட்டென்று மூடிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

பார்க்கும் இடங்களை வைத்து மட்டும் மார்க் போட்டால் ஜார்ஜியா ஜெயிக்கும், அதை மறைக்க வேண்டாம். அனனூரி கோட்டையைத் தாண்டி மலைச்சாலையில் ஏறி, 2,170 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெர்கெட்டி தேவாலயத்தை மேகத்துக்கு நடுவே பார்ப்பதற்கு ஈடாக மஸ்கட்டில் எதுவும் இல்லை. சைவக்காரருக்கும் லோபியோ என்கிற பீன்ஸ் குழம்பும் சீஸ் ரொட்டியும் உண்டு. மருத்துவம் படிக்க வந்த நம் பிள்ளைகள் ஏராளம் என்பதால் திபிலிசியில் இந்தியச் சாப்பாடும் கிடைக்கும். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், துபாய் நேரமே அங்கும். ஆனால் நோன்புப் பெருநாள் இப்போது மார்ச் பக்கம் வருகிறது. பனி கொட்டினால் அந்த மலைச்சாலையை அடைத்துவிடுவார்கள். நாலு நாள் பயணத்தில் ஒரு நாள் ஓட்டல் ஜன்னலோடு போய்விடும்.

மஸ்கட்டில் மத்ரா கடைத்தெரு, சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசல், நகரத்தைத் தாண்டிப் போனால் வாதி ஷாப் பள்ளத்தாக்குத் தண்ணீரில் நடை. பள்ளிவாசலுக்கு முஸ்லிமல்லாத பார்வையாளரைக் காலையில் மட்டுமே விடுவார்கள், வெள்ளிக்கிழமை கிடையாது. ஆனால் மஸ்கட்டுக்குப் போவது சிநேகிதருக்காகத்தான். அவர் வீட்டார் வழியெல்லாம் கதை பேசிக்கொண்டே வாதி வரை கூட வருவார்கள், இரவில் பாயை விரித்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கப் போடுவார்கள்.

சிக்கலும் அங்கேதான். ஓமானின் வார விடுமுறை வெள்ளியும் சனியும், நமக்கு சனியும் ஞாயிறும். பிறையும் அவர்களுக்குத் தனி. 2025-இல் அமீரகத்தில் மார்ச் 30 பெருநாள், ஓமானில் மார்ச் 31. அப்படிப்பட்ட வருடத்தில் நீங்கள் போய்க் கதவைத் தட்டும்போது அங்கே இன்னும் பெருநாளே வந்திருக்காது. சிநேகிதரின் மனைவிக்கு அந்த லீவு முழுக்க அடுப்படியில் போகும் என்பதை ஆண்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு ராத்திரிக்கு மேல் தங்காதீர்கள். ஒரு வேளைச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு வேளை மஸ்கட்டின் ரூவி பக்கம் வெளியே சாப்பிடக் கூட்டிப்போங்கள்.

ஆக, நோன்புப் பெருநாளுக்கு என் ஓட்டு மஸ்கட்டுக்கே. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கதை மாறும். அது துல்ஹஜ் மாதம் பிறந்து 10-ஆம் நாள் என்பதால் தேதி பத்து நாள் முன்பே உறுதியாகிவிடும், கெஞ்சல் வேலை இல்லை. அந்தப் பெருநாள் இப்போது வருகிற மே மாதத்தில் மஸ்கட் வெயில் துபாய்க்குச் சளைத்ததில்லை, ஜார்ஜியாவிலோ அப்போது மலைச்சாலை திறந்திருக்கும். ஓமான் ரெசிடென்ஸ் விசா வைத்திருப்பவருக்கும் ஜார்ஜியா விசா இல்லாமல்தான். மஸ்கட் குடும்பத்தையும் திபிலிசிக்கே வரச் சொல்லிவிடலாம், அடுப்படி வேலை இரண்டு வீட்டுக்கும் மிச்சம்.