240 வாட்டுக்குள் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு: பதினேழு மாத அனுபவம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. கேமராக்கள் பீரோவுக்குள் போய்விடும் இந்த நாட்களில்தான் எடிட்டிங் கம்ப்யூட்டரைத் திறந்து சுத்தம் செய்வேன். நேற்று பிரஷ்ஷால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான், வீடியோ வேலையைத் தாங்கும் இந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டை மாட்டிப் பதினேழு மாதம் ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. சின்ன எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) உள்ள பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன கார்டு போடுவது என்று தவிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அப்படித் தவித்தவன் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுத்து, எடிட் செய்து கொடுக்கும் சிறிய ஸ்டூடியோ என்னுடையது. ஆவணி முகூர்த்தத்தில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு, ஒரே காலையில் எத்தனை தாலி ஏறும் என்று தெரியும். அன்றைக்கு எடுப்பது ஒரு வேலை. அதை அடுத்த முகூர்த்தத்துக்குள் முடித்துக் கொடுப்பது அதைவிடப் பெரிய வேலை. "தம்பி, வீடியோ எப்போது கிடைக்கும்?" என்று பெண்ணைப் பெற்றவர் மூன்றாவது முறை கேட்கும்போது, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று பதில் சொல்ல முடியாது.

என்னிடம் இருப்பது ஒரு பெரிய அலுவலகத்தில் கழித்துப்போட்ட டவர் கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5-6500 பிராசஸர், நான்கு கோர், 16 ஜிபி ராம். உறுதியான பெட்டி. ஆனால் எஸ்.எம்.பி.எஸ். வெறும் 240 வாட். கார்டுக்கென்று தனி பவர் வயர் எதுவும் அதில் கிடையாது. மதர்போர்டுக்குப் போகும் பிளக்கும் கடையில் கிடைக்கும் 24 பின் வகை இல்லை, அந்த கம்பெனி தனக்கென்று வைத்துக்கொண்ட வகை. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டுவது அத்தனை எளிதல்ல என்பது பெட்டியைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் பலர் இதையே செய்கிறார்கள். 2023 ஐப்பசியில் பழைய ஜிடிஎக்ஸ் 1060 ஒன்று மலிவாகக் கிடைத்தது. அது 120 வாட் கார்டு, 6 பின் பவர் வயர் கேட்கும். வயர்தான் இல்லையே என்றதும், விற்றவர் ஒரு கன்வெர்ட்டரை எடுத்துக் கொடுத்தார்: ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக்கில் ஒரு முனை, கார்டில் மறுமுனை. மாட்டினேன், ஓடியது. இரண்டு வாரம் கழித்து ஒரு வரவேற்பு வீடியோவை எக்ஸ்போர்ட் (எடிட் முடித்ததை ஒரே ஃபைலாக்குவது) போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் திரை இருட்டாக இருந்தது. அறை முழுக்க பிளாஸ்டிக் கருகிய வாசனை. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அந்த சாட்டா பிளக்கின் ஓரம் தேன் நிறத்துக்கு மாறி, ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் இளகி உறைந்திருந்தது. விரல் நுனியால் தொட்டேன், இன்னும் சுட்டது. கல்யாணக் காட்சிகள் இருந்த ஹார்டு டிஸ்க் அதே வயர் வரிசையில்தான் இருந்தது. அது தப்பியதை இன்றைக்கும் கடவுள் செயலாகவே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சாட்டா பவர் பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு ஒன்றரை ஆம்பியர். ஆக 54 வாட்தான் அதன் வரம்பு. 6 பின் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். 120 வாட் கார்டு தன் தேவையில் பாதியை, அதைச் செருகியிருக்கும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டாலும், மீதிப் பாதியே அந்த பிளக்கின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. அந்த கன்வெர்ட்டரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மதர்போர்டிலுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தன்னந்தனியாக 75 வாட் வரை கொடுக்கும். தனி வயர் கேட்காத கார்டுகள் எல்லாம் அந்த எல்லைக்குள் அடங்குபவை. என் பெட்டியின் கணக்கு இப்படி வந்தது: பிராசஸருக்கு 65, கார்டுக்கு 75, போர்டு, ராம், இரண்டு டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40. மொத்தம் 180. 240-ல் இது நிம்மதியாக உட்காரும். அளவுக்கு மீறி ஆசைப்படாமல் இந்த எல்லைக்குள் எது நல்லது என்று மட்டும் தேடினேன்.

மூன்று கார்டுகள் கண்ணில் பட்டன. ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட்தான், விலையும் குறைவு. ஆனால் அதில் வீடியோவை என்கோட் செய்யும், அதாவது எக்ஸ்போர்ட்டின்போது சுருக்கி ஃபைலாக்கும், தனிப் பகுதியே இல்லை. என் பிழைப்பே எக்ஸ்போர்ட் என்பதால் அது அங்கேயே கழிந்தது. என்னைப் போன்ற பழைய பெட்டிக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் அதில் உண்டு: ஸ்லாட்டில் நான்கு லேன் (தகவல் போகும் பாதை) மட்டுமே பயன்படுத்துவதால், என்னுடையது போன்ற பழைய பிசிஐ 3.0 போர்டில் அதன் வேகம் மேலும் குறையும். ஜிடிஎக்ஸ் 1650 நல்ல கார்டுதான், 75 வாட், 4 ஜிபி. ஆனால் 2019-ல் வந்தது, என்கோடரும் ஒரு தலைமுறை பழையது. அதில் சில மாடல்கள் 6 பின் வயர் கேட்கும், பார்த்து வாங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, அதன் 6 ஜிபி வகை, 70 வாட்டில் ஓடுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் இதற்கு முன் வந்த 8 ஜிபி 3050 வேறு கார்டு, அது 130 வாட். கடையில் '6 ஜிபி' என்று வாய் திறந்து கேட்டு, பெட்டியில் அதைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள்.

ஆடியில் எங்களுக்கு வேலை இருக்காது. 2024 ஆகஸ்டு முதல் வாரத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரி போய் இந்த 6 ஜிபி 3050-ஐ வாங்கிவந்தேன். கடைக்காரர், "240 வாட்டில் எப்படி ஓடும்? இந்த 500 வாட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணே" என்று எடை இல்லாத ஒரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மேஜைமேல் வைத்தார். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். அட்டையில் எழுதிய வாட்டைவிட, பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதுதான் முக்கியம். பெயர் தெரியாத அந்த 500-ஐவிடப் பழைய கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 240-ஐ நான் நம்புகிறேன்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. என் பழைய மானிட்டரில் பழைய வகை விஜிஏ பிளக் மட்டும் இருந்ததால் அன்றைக்கே கார்டைப் பயன்படுத்த முடியவில்லை. இந்தக் கார்டில் எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்பிளே போர்ட்டும்தான். மானிட்டரையும் மாற்ற வேண்டி வந்தது, அந்தச் செலவை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவை ஃபுல் எச்டியில் எக்ஸ்போர்ட் செய்ய முன்பு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். இப்போது அரை மணி நேரத்துக்குள் முடிகிறது. அதைவிடப் பெரிய நிம்மதி, கேமராவின் 10 பிட் எச்.265 (நிறம் கூடுதலாகப் பதிந்து, நன்றாகச் சுருக்கிய வகை) காட்சிகளை டைம்லைனில் திக்காமல் ஓட்டிப் பார்ப்பது. என்னுடைய ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸரால் அதை ஒழுங்காகக் கையாள முடியாது, கார்டு கையாள்கிறது. ஆனால் நிறத்தை இன்னும் விவரமாகப் பதியும் 4:2:2 முறையில் எடுத்தால் இந்தக் கார்டும் கைவிட்டுவிடும். இதைத் தயாரிக்கும் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அந்த வசதி வந்தது. அதனால் என்னுடன் வரும் கேமராக்காரத் தம்பிகளிடம், நிற விவரம் அதைவிடக் குறைந்த 4:2:0-விலேயே எடுக்கச் சொல்லிவிட்டேன். பெண்ணின் பட்டுப்புடவை நிறத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

சுவர் பிளக்கில் மீட்டர் வைத்து அளந்தேன். சும்மா இருக்கும்போது 40 வாட் சுமார், எக்ஸ்போர்ட்டில் 130 வரை. இரவுக் காட்சிகளின் புள்ளிகளை நீக்கும் எஃபெக்ட் போட்டால் 175. அதற்கு மேல் ஒரு நாளும் போகவில்லை. இது எங்கள் ஊருக்கு ரொம்ப முக்கியம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. 600 விஏ யு.பி.எஸ். ஒவ்வொரு முறையும் தாங்கியது. வேலையைச் சேமித்து, கம்ப்யூட்டரை முறையாக அணைத்துவிட்டு, கேபினெட்டையே தூக்கிப் பரண்மேல் வைத்தேன். அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தாலும் கார்டு தப்பியிருக்கும்.

கடல் காற்றுதான் நிரந்தரச் சங்கடம். ஒரே வருடத்தில் கார்டின் பின்புறத் தகட்டில் துருப் புள்ளிகள் வந்துவிட்டன. சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் தூசி காய்ந்து உதிராமல், ஈரத்தோடு பஞ்சுபோல அப்பிக்கொள்கிறது. முதல் மாதத்தில் 66 டிகிரியில் நின்ற சூடு, சென்ற அக்னி நட்சத்திரத்தில் 79-ஐத் தொட்டது. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, முன்பக்க ஃபேனையும் துடைத்ததும் 70-க்கு இறங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யாமல் விடுவதில்லை. வேலை இல்லாத நாளிலும் அரை மணி நேரமாவது கம்ப்யூட்டரை ஓடவிடுகிறேன், உள்ளே ஈரம் தங்காமல் இருக்கட்டும் என்று.

குறைகளும் உண்டு. 4கே டைம்லைனில் இரண்டு மூன்று எஃபெக்ட்டை அடுக்கினால் கார்டின் 6 ஜிபி மெமரி நிறைந்து எக்ஸ்போர்ட் பாதியில் நின்றுவிடுகிறது, பகுதி பகுதியாகப் பிரித்துத்தான் முடிக்கிறேன். பல நேரம் பிராசஸர் முழு மூச்சில் ஓட, கார்டு பாதி வேலைதான் செய்கிறது. நான்கு கோருக்கு இதற்கு மேல் தெம்பில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை ஏற்றுக்கொள்ளாது. அதனால் இந்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு எடிட்டிங் மட்டும் செய்கிறேன்.

வரும் ஆடியில் வேறு பெட்டி வாங்க உத்தேசம். கார்டு அப்படியே அதற்குள் போகும். தை முதல் வாரத்தில் மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிரஷ்ஷைக் கழுவிக் காயவைத்துவிட்டு, பக்கத் தகட்டை மாட்டித் திருகை முடுக்க வேண்டும்.