மின்சாரத்துக்காக வாங்காதீர்கள்: மேசை அளவு நுண்ணுயிர் மின்கலம்

பால் ஆலையின் கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கழிவுநீரைத் தின்னும் பாக்டீரியாக்களிடமிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிதான் நுண்ணுயிர் மின்கலம். நாங்கள் வாங்கிய கலத்தின் அட்டைப்பெட்டியில் ஒரு குண்டு பல்பு பளீரென்று எரிவதாகப் படம் போட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்திலும் எரியாது. கூடவே வரும் சின்ன எல்.இ.டி. விளக்குகூட, மின்தேக்கியில் மின்னூட்டம் சேர்ந்த பிறகு ஒரு தடவை மின்னிவிட்டு நம்மைக் காக்க வைக்கிறது.

இதில் கருவியைக் குறை சொல்வதற்கில்லை. இந்த பாக்டீரியாக்களின் வழக்கமான உணவான அசிட்டேட்டை (வினிகர் அமிலத்தின் உப்பு) ஆக்சிஜனுடன் இணைத்தால் ஏட்டுக்கணக்கில் கிடைப்பதே சுமார் 1.1 வோல்ட். எங்கள் கலம் சும்மா இருக்கும்போது 0.7 காட்டியது, 1000 ஓம் ரெசிஸ்டரை மாட்டியதும் 0.4-இல் நின்றது. நான்கு கலங்களைத் தொடராக இணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அவற்றில் ஒன்று சோர்ந்துபோனால் அதன் மின்னழுத்தம் தலைகீழாகி மற்றவை தருவதையும் தின்றுவிடும்.

கலத்தின் வடிவமைப்பு நன்றாகவே இருக்கிறது. ஒரு லிட்டர் அக்ரிலிக் பெட்டி. உள்ளே கார்பன் இழைத் தூரிகை, அதுதான் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளும் முனை, அதாவது ஆனோடு. ஒரு பக்கச் சுவரே அவை கம்பி வழியாகப் போய்ச் சேரும் முனை, அதாவது கேத்தோடு. வெளிக்காற்றிலிருந்து ஆக்சிஜனை நேராக எடுத்துக்கொள்கிறது. வினையூக்கியாகப் பிளாட்டினத்துக்குப் பதில் கிளர்வூட்டிய கரியைப் பூசியிருப்பது புத்திசாலித்தனம். எங்கள் காற்றில்லாத் தொட்டியின் கசடைக் கொஞ்சம் விதையாக ஊற்றினோம். ஜியோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் தூரிகையில் ஒட்டிப் படலமாக வளர்ந்து, கரிமப் பொருளைச் சிதைத்துக் கிடைக்கும் எலக்ட்ரான்களைக் கார்பன் இழையிடம் ஒப்படைக்கின்றன. முதல் சில நாட்கள் மல்டிமீட்டரில் ஒன்றுமே தெரியாது. பொறுமை வேண்டும்.

கையேடுதான் ஏமாற்றம். 1911-இல் பாட்டர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஈஸ்ட்டைக் கொண்டு மின்சாரம் எடுத்த வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், கொழுப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவர்களுடைய சோதனையெல்லாம் தெளிவான அசிட்டேட் கரைசலில் நடந்தது போலும். பால் ஆலைக் கழிவுநீரில் லாக்டோஸ் புளித்து அமிலமாகிறது, பி.எச். சரிகிறது, பாக்டீரியாக்கள் சுணங்குகின்றன. கொழுப்பு தூரிகையின் இழைகளை மெழுகிவிடுகிறது. மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, சோடியம் பைகார்பனேட் கலந்து பி.எச்.சை 7-க்கு அருகில் வைத்த பிறகே மின்னழுத்தம் நிலைத்தது.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கழிவுநீரிலுள்ள கரிமப் பொருளை, அதை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் எடையால் அளப்பதுதான் சி.ஓ.டி. அப்படி ஒரு கிலோ சி.ஓ.டி. சிதையும்போது வெளிவரும் எலக்ட்ரான்களில் கால்பங்கைத்தான் எங்கள் கலம் பிடிக்கிறது. 0.4 வோல்ட்டில் அது யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. அதே ஒரு கிலோவைச் சாண எரிவாயு போல மீத்தேனாக மாற்றி எஞ்சினில் எரித்தால் ஒரு யூனிட்டுக்கு மேலேயே கிடைக்கும். 2007-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர் அங்குள்ள யட்டாலா பீர் ஆலையில் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் கலத்தை நிறுவிப் பார்த்தார்கள். இன்றும் ஆலைகளில் மீத்தேன் கலன்களைத்தான் பார்க்கிறோம்.

அப்படியிருந்தும் எங்கள் கலத்தை நான் கழற்றவில்லை. ஆலையின் கழிவுநீரெல்லாம் முதலில் வந்து கலக்கும் சமன்படுத்தும் தொட்டியிலிருந்து சிறு பம்பு மூலம் அதற்குள் நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்னழுத்தம் கணினியில் ஒரு கோடாகப் பதிவாகிறது. ஒரு நாள் குழாய்களைக் கழுவிய காஸ்டிக் சோடா மொத்தமாக வந்து சேர்ந்தபோது கோடு சட்டென்று சரிந்தது. நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்க்கும் பி.ஓ.டி. சோதனையின் முடிவுக்கு ஐந்து நாள், சி.ஓ.டி.க்கே மாதிரியை இரண்டு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். கலமோ உடனே காட்டிக்கொடுத்தது. பாக்டீரியாக்கள் கழிவைச் சுத்திகரிக்கும் காற்றூட்டும் தொட்டிக்குப் போவதற்குள் நீரை வேறு தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். காஸ்டிக் என்றால் பி.எச். மீட்டர் போதுமே என்பீர்கள், பி.எச்.சை அசைக்காத கிருமிநாசினி வந்தாலும் கலம் முகம் சுளிக்கும், மீட்டர் சும்மா இருக்கும். காரணத்தை மட்டும் சொல்லாது: விஷம் கலந்தாலும் கோடு இறங்கும், நீர் வெறுமனே நீர்த்துப்போனாலும் இறங்கும். மாதிரி எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அடி வாங்கிய படலம் தேறிவர நாட்களாகும். அதுவரை காவல் இல்லை. இரண்டு கலங்களை மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது.

கேத்தோடின் ஓரத்தில் நீர் கசிகிறது. மேலே உப்பு வெள்ளையாகப் பூத்து, ஆக்சிஜன் நுழைவதைத் தடுக்கிறது. துடைத்தால் ஓரளவு சரியாகும், ஆனால் உட்புறம் படியும் வழவழப்பான படலம் சுரண்டினால் கரியோடு சேர்ந்தே வருகிறது. கேத்தோடைத் தனியாகத் தருவீர்களா என்று விற்பனையாளரிடம் கேட்டேன். முழுக் கலத்தையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்.