ரோபோட்டிக்ஸ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் சென்சாருக்கு ஒயர் போயிருக்கிறதா என்று பாருங்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு ரோபோ மூலம் கோடிங் சொல்லித்தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு பயிற்சி மையத்தில் 7 வது வயதை முடித்த என் மகளைச் சேர்த்திருந்தேன். முழுப் பருவத்துக்கும் கட்டணம் முன்பணமாக, வீட்டுக்குத் தரும் ரோபோ கார் கிட்டுக்குத் தனிப் பணம். மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இந்த மாதிரி வித்தை காட்ட யாராலும் முடியும் என்பதால், எப்படிச் செய்தார்கள் என்பதை முழுசாகவே எழுதுகிறேன்.

இலவச டெமோ வகுப்பில் ஒரு குட்டி ரோபோ கார் நேராகப் போய், சுவர் வந்ததும் நின்று, வலப்பக்கம் திரும்பியது. டேப்லெட்டில் பிளாக்குகளை, அதாவது 'போ', 'நில்' மாதிரியான கட்டளைக் கட்டங்களை, அடுக்கியது பிள்ளைகள்தான். பெற்றோர் எல்லாரும் கைதட்டினோம். அடுத்தடுத்த வகுப்புகளிலும் அதே கார்தான், அதே சுவர்தான், பாடத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. ஒருநாள் 'லூப்' (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது), இன்னொரு நாள் 'கண்டிஷன்' (இப்படி நடந்தால் இதைச் செய் என்பது), அப்புறம் 'ஏ.ஐ. அறிமுகம்' (அதற்கும் கார் சுவர் முன்னால்தான் நின்றது).

வீட்டில் அவள் ஓட்டிக்காட்டியபோது முதலில் இடப்பக்கம் திருப்பு பார்க்கலாம் என்றேன். "அது வலப்பக்கம்தான் போகும்பா. தரையில டேப் ஒட்டி அதுமேலதான் வைக்கணும், இல்லன்னா சரியா நிக்காதுன்னு மேடம் சொன்னாங்க" என்றாள். சுவரைத் தானே பார்த்து நிற்கிற ரோபோவுக்கு எதற்கு டேப்? பேட்டரியைப் புதிதாக மாற்றியதும் கார் நேராகச் சுவரில் போய் மோதியது. மையத்தில் கேட்டால், சென்சார் கெட்டுவிட்டது, புதிது வாங்கவேண்டும் என்று இன்னொரு பில் நீட்டினார்கள். அதையும் கட்டி வாங்கி வந்தோம், மறுபடியும் மோதியது.

எலக்ட்ரானிக்ஸ் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் வந்து மேல்மூடியைக் கழற்றினார். முன்னால் இரண்டு கண் மாதிரி இருக்குமே, அது அல்ட்ராசோனிக் சென்சார். ஒலி போய்ப் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் அது தூரத்தைச் சொல்லும். அதற்கு நான்கு கால்கள்: மின்சாரத்துக்கு இரண்டு, ஒலியை அனுப்பச் சொல்ல ஒன்று, திரும்பி வந்ததைத் தெரிவிக்க 'எக்கோ' என்று ஒன்று. எங்கள் காரில் எக்கோ காலுக்கு ஒயரே இல்லை. பிய்ந்து விழவில்லை, காரை இயக்கும் மின்னணு போர்டில் அதற்கான இடமும் காலியாகவே இருந்தது. அதாவது அந்த ரோபோவுக்குக் கண் தெரியாது. இத்தனை வினாடி ஓடு, நில், வலப்பக்கம் திரும்பு என்று முன்பே ஏற்றிவைத்த நிரல்தான் ஓடிக்கொண்டிருந்தது. டேப்பிலிருந்து சுவர் வரை உள்ள தூரம் அந்த வினாடிக் கணக்குக்குப் பொருந்தும், அதுவும் பேட்டரி கொஞ்சம் தீர்ந்திருந்தால். புது பேட்டரி போட்டால் மோட்டார் வேகமாகச் சுற்றும், அதே நேரத்தில் கார் இன்னும் தள்ளிப் போய்விடும், மோதாமல் என்ன செய்யும்?

சரி, டேப்லெட்டில் பிள்ளைகள் அடுக்கிய பிளாக்குகள் என்ன ஆயின? போர்டைக் கணினியில் இணைத்து, ப்ளூடூத்தில் என்ன வருகிறது என்று பார்த்தோம். பிளாக்குகளை எந்த வரிசையில் வைத்தாலும், ஏன், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் திரையில் பொத்தானை அழுத்தினாலும், ஒரே ஒரு எழுத்துதான் வந்தது. 'ஆரம்பி' என்பதற்கான சைகை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் படம்.

'எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று அவர்கள் பெயர் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே இருந்தது ஆர்டுயினோ ஊனோ என்கிற, நிரல் ஏற்றி ஓட்டும் சாதாரண மின்னணு போர்டின் நகல். நகல் என்பது குற்றமில்லை, ஆர்டுயினோவின் வடிவமைப்பே யாரும் செய்துகொள்ளலாம் என்று திறந்து விடப்பட்டதுதான். அதை மறைத்துப் பல மடங்கு விலைக்கு விற்றதுதான் ஏமாற்று.

எனக்குப் பணத்தைவிடக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு. 1967-இல் சிமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்ஜைக் ஆகியோர் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள், பிறகு தரையில் ஊர்ந்து கோடு போடும் ஆமை ரோபோவும் அதோடு சேர்ந்தது. பிள்ளை தப்பாகச் சொன்னால் ஆமை தப்பாகப் போகும், எங்கே தப்பு என்று பிள்ளையே தானும் ஆமை மாதிரி நடந்து பார்த்துத் திருத்தும். ரோபோவை வைத்துக் கற்றுக்கொடுப்பதன் பிரயோஜனமே அந்தத் திருத்தல்தானே. இவர்களுடைய காரில் பிள்ளை என்ன தப்பு செய்தாலும் ஒன்றும் ஆகாது. தான் அடுக்கியதுதான் ஓடுகிறது என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள். மதிப்பெண் அட்டையில் 'கண்டிஷன்: மிகச் சிறப்பு' என்று போட்டிருந்தது.

வகுப்பு எடுத்த பெண்ணைக் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் கிட்டைத் திறக்கக்கூடாது என்றுதான் உத்தரவாம். உரிமையாளரிடம் போனால் கிட்டைப் பிரித்துவிட்டீர்கள், பணம் திரும்ப வராது என்றார். சேர்க்கைப் படிவத்தைக் காட்டினார், அதில் பிள்ளையின் வீடியோவை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் ஒரு வரி இருந்தது. எழுத்தில் புகார் கொடுத்து, புகைப்படங்களையும் பில்களையும் இணைத்த பிறகு, நடக்காத வகுப்புகளுக்கான தொகை மட்டும் வந்தது. கிட்டுக்கும் அந்தச் சென்சாருக்கும் கட்டிய பணம் போனதுதான். வீடியோவை எடுக்கச் சொல்லி இன்னும் அலைகிறேன்.

டெமோவுக்குப் போகிறவர்கள் ரோபோவை அவர்கள் வைத்த இடத்திலிருந்து நகர்த்தி ஓட்டச் சொல்லுங்கள். ஓடும்போது குறுக்கே கையை வையுங்கள். இரண்டு பிளாக்குகளை இடம் மாற்றிவிட்டு ரோபோவின் போக்கு மாறுகிறதா பாருங்கள். யோசிக்கிறார்கள், சமாளிக்கிறார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கோடிங் மட்டும் பழகவேண்டும் என்றால் பிளாக்குகளை அடுக்கிப் பழகும் செயலிகள் இருக்கின்றன: 5 முதல் 7 வயதுக்கு ஸ்கிராட்ச் ஜூனியர், 8 வயது முதல் ஸ்கிராட்ச், இரண்டும் இலவசம். மைக்ரோபிட் என்கிற, பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் குட்டி போர்டு கையில் இல்லாமலேயே மேக்கோட் என்ற இணையத் தளத்தில் அதன் மாதிரியைத் திரையில் ஓட்டிப் பார்க்கலாம், அதற்கும் காசு கிடையாது.

ஸ்டிக்கர் ஒட்டிய ரோபோ கார் யாரிடமாவது வீட்டில் இருந்தால் மூடியைக் கழற்றி அந்த நான்கு கால்களில் எதற்கெல்லாம் ஒயர் போயிருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். சேர்ந்து புகார் கொடுக்கலாம்.