மூட்டு வலிக்கு மண்டலக் கணக்கில் பொடி வாங்குகிறவர்களுக்கு

பெயர் எழுதாத பொடியை மூட்டு வலிக்கு என்று வாங்கிச் சாப்பிடுகிறவர்களும், அம்மாவுக்கோ மாமியாருக்கோ வாங்கிக் கொடுக்கிறவர்களும் இதைக் கடைசி வரை படியுங்கள். நான் பதினான்கு மாதம் சாப்பிட்டேன். என் வலது கையில் இரண்டு விரல்கள் இனிமேல் நேராகாது.

வத்தலக்குண்டில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். 2021 ஆடியில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டும்போது ஊசி கையிலிருந்து நழுவத் தொடங்கியது. அப்புறம் காலையில் எழுந்தால் இரண்டு கையும் மடங்காது. சொம்பைப் பிடிக்க முடியாது. பேஸ்ட் பிதுக்க மகளைக் கூப்பிட வேண்டும். வெந்நீரில் கையை ஊறவைத்து உட்கார்ந்திருந்தால் ஒன்பது மணிக்கு மேல்தான் விரல் வழிக்கு வரும். தெருவில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: “சிக்குன்குனியா வந்த மிச்சம்.” எனக்குச் சிக்குன்குனியா வந்தது 2006-இல். பதினைந்து வருஷம் கழித்தா மிச்சம் வரும்?

முதலில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனேன். வெளியே இரண்டு மணி நேரம், உள்ளே இரண்டு நிமிஷம். விரல் என்றேன், முட்டிக்கு எக்ஸ்ரே எழுதினார். “வயசாகுதுல்ல, வெயிட்டைக் குறைங்க” என்றார். அப்போது எனக்கு 39. ஐந்து மாதம் வலி ஊசியும் வலி மாத்திரையும் போட்டு வயிறு புண்ணானதுதான் மிச்சம். அந்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அவர் என் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்ததற்கு இதுதான் வாசல் திறந்து விட்டது.

2022 தை பிறந்ததும் நாத்தனார் ஒரு வைத்தியரிடம் அழைத்துப் போனார். இரண்டு பஸ் மாற வேண்டும். ஓட்டு வீடு, திண்ணை நிறையச் சனம். என் முறை வந்ததும் அவர் என் இரண்டு கையையும் தன் கையில் வாங்கிக்கொண்டார். “காலையில எத்தனை மணிக்குத்தான் தாயி இந்த விரலு மடங்குது?” என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நோட்டுத் தாளில் மடித்த பொட்டலங்களை ஒரு மண்டலத்துக்கு எண்ணிக் கொடுத்தார், 48 நாளைக்கு 4,500 ரூபாய். பழுப்பு நிறப் பொடி. சுக்கு வாசம். நாக்கில் வைத்தால் சுக்கின் காரம் போன பிறகும் ஒரு கசப்பு நிற்கும். என்ன மூலிகை என்று கேட்டதற்கு, “பரம்பரைச் சொத்து, சொன்னா பலிக்காது” என்றார். இங்கிலீஷ் மருந்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்துப் புள்ளிக் கோலம் போட்டேன். வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். அவர் கண் கலங்கியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கே நான் பயந்திருக்க வேண்டும். எனக்கு இருந்தது சரவாங்கி என்கிற மூட்டுவாதம். அதற்குக் கொடுக்கும் முறையான மருந்து வேலை செய்யவே ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். மூன்று நாளில் வலி மாயமாக மறைந்தால் உள்ளே போனது பெரும்பாலும் ஸ்டீராய்டுதான், வலியையும் வீக்கத்தையும் சீக்கிரம் அமுக்கிவிடுகிற இங்கிலீஷ் மருந்து. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முகம் பூரித்தது. கல்யாண வீட்டில் பார்த்தவர்கள் “நல்லா தேறிட்டே” என்றார்கள். முகமும் வயிறும் பெருக்க, கையும் காலும் குச்சியாயின. வயிற்றில் கருஞ்சிவப்புக் கோடுகள். கட்டிலில் லேசாக இடித்தாலும் கன்றிப்போய் நீலம் பாய்ந்தது. ஆறாம் மாதம் ராத்திரியில் நாலு தடவை எழுந்து போனேன். லேபில் பார்த்தால் சர்க்கரை 280. அதுவரை எனக்குச் சர்க்கரை கிடையாது. வைத்தியரிடம் சொன்னேன். “கெட்ட நீர் இறங்குது தாயி, நல்லதுக்குத்தான்” என்றார். நம்பினேன். கோலம் போட முடிகிறதே! கம்மலை அடகு வைத்தும் வாங்கினேன். ஒன்பது மண்டலம், 40,500 ரூபாய்.

2023 பங்குனி உத்திரத்துக்கு வைத்தியர் வீட்டை அடைத்துக்கொண்டு போய்விட்டார். பொட்டலம் தீர்ந்துவிட்டது. நாலாம் நாள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியவில்லை. அரசு மருத்துவமனையில் பிரஷர் 80/50. டியூட்டியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். என் முகத்தைப் பார்த்தார், சேலையை விலக்கி வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். “அம்மா, வேற எதுனா மருந்து சாப்பிட்டீங்களா? நான் திட்ட மாட்டேன், சொல்லுங்க” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர்தான் சட்டைப் பையிலிருந்து காலிப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உடனே ஸ்டீராய்டு ஊசியும் சலைனும் ஏற்றினார்கள். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி, உயிரைப் பிடித்து வைக்கிற கார்டிசாலைச் சுரக்கிறது. வெளியிலிருந்து மாதக் கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அது வேலையை நிறுத்திவிடும். பிறகு திடீரென்று வெளிவரத்தும் நின்றால் உடம்பு சரிந்துவிடும். ரத்தப் பரிசோதனையில் எனக்கு கார்டிசால் அடிமட்டத்தில் இருந்தது.

அந்தப் பெண்தான் என்னை மதுரையில் ஒரு ருமட்டாலஜி டாக்டருக்கு எழுதி அனுப்பினார். மூட்டுவாதத்துக்கென்றே தனிப்படிப்பு படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அவர் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கணு, முழங்கால் என்று 28 மூட்டையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். எங்கே வலி, எங்கே வீக்கம் என்று எண்ணித் தாளில் குறித்தார். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி., இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று ரத்தப் பரிசோதனைகள் எழுதினார். இரண்டு கைக்கும் எக்ஸ்ரே எடுத்தார். நோயின் பெயரைச் சொன்னார்: ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம் சனம் சரவாங்கி என்பது. உடம்பின் காவல் படையே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் என்றார். எக்ஸ்ரேயில் விரல்கணு எலும்பில் எலி கொறித்த மாதிரி பள்ளங்களைக் காட்டினார். ஸ்டீராய்டு வலியை மறைத்துக்கொண்டிருந்த பதினான்கு மாதமும் நோய் உள்ளே அதன் வேலையைச் செய்திருக்கிறது. முதல் சில மாதத்திலேயே சரியான மருந்து தொடங்கியிருந்தால் பெரும்பாலும் இந்தச் சேதத்தைத் தடுத்திருக்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

சரவாங்கிக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினார். வாரத்துக்கு ஒரே நாள்தான். “செவ்வாய்க்கிழமை” என்று தமிழில் பெரிதாக எழுதி அடியில் கோடு போட்டார். என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார், வீட்டுக்காரரையும் சொல்லச் சொன்னார். இதைத் தவறித் தினமும் போட்டு உயிர் போனவர்கள் உண்டாம். கூடவே ஃபோலிக் ஆசிட், ஈரலுக்கும் ரத்த அணுவுக்கும் முறை வைத்துப் பரிசோதனை. ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல் எட்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். அவரும் என் கையைப் பிடித்தார், அவரும் காலையைப் பற்றிக் கேட்டார். ஆனால் கொடுத்த ஒவ்வொன்றின் பெயரையும், அது என்ன செய்யும், என்ன கெடுக்கும் என்பதையும் தாளில் எழுதிக் கொடுத்தார். வைத்தியர் கடைசிவரை செய்யாதது அது ஒன்றுதான். கனிவாகப் பேசுகிறவர் என்பதை மட்டும் வைத்து ஒருவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள். மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், பில் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான் சித்த வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். என் வைத்தியரிடம் பதிவு எண்ணே இல்லை. அலோபதி டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். சரவாங்கியை அடியோடு ஒழிப்பேன் என்று நோட்டீஸ் அடிப்பதே 1954-ஆம் வருஷத்து மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றம், அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் மூட்டுவாதமும் இருக்கிறது. பணம் இல்லை என்று தயங்குகிறவர்களுக்கு: சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித்துறையே உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் 104-க்கு போன் செய்து, பக்கத்தில் எங்கே பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நான் மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போலி மருத்துவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

இப்போது இந்த மாதிரிப் பொடி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒன்று. இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், என் கதிதான் வரும். நாளைக் காலையில் டாக்டரைப் பார்க்கக் கிளம்புங்கள். வாந்தியோ மயக்கமோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துப் போய் டாக்டர் மேசைமேல் வையுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை, எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.