ஹாம்ஸ்டர் கட்டிலுக்கு 168 வெள்ளி கட்டி ஏமாந்தேன், நீங்களாவது விழித்துக்கொள்ளுங்கள்

168 சிங்கப்பூர் வெள்ளி போனதுகூடப் பரவாயில்லை. இன்று காலை மகளின் ஹாம்ஸ்டர் கன்னப்பையிலிருந்து வெள்ளை வெள்ளையாக உருண்டைகளை வெளியே தள்ளியதைப் பார்த்தேனே, அதுதான் வயிற்றைப் பிசைகிறது.

பள்ளி விடுமுறையில் அதற்குக் கட்டில், ஏணி, ஊஞ்சல் எல்லாம் நாங்களே செய்வதாக இருந்தோம். ஐஸ்கிரீம் குச்சியும் வெள்ளைப் பசையும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே உள்ள கடையிலேயே சில வெள்ளிக்குக் கிடைக்கும். எனக்குத்தான் நேரமில்லை. கைவினைப் பொருள்கள் விற்கும் ஒரு செயலியில் "முழுக்க மரம், பிராணிகளுக்குப் பாதுகாப்பானது" என்று ஒரு செட்டைப் பார்த்தேன்.

விற்றவர் தமிழிலேயே பேசினார். "அக்கா, நானும் ஹாம்ஸ்டர் வளர்க்கிறேன். என் பிள்ளை கடித்துப் பார்க்காத எதையும் நான் விற்கமாட்டேன்" என்று சொல்லி, அந்தக் கட்டிலில் ஒரு ஹாம்ஸ்டர் சுருண்டு தூங்கும் காணொளியையும் அனுப்பினார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். செயலிக்கு வெளியே, வங்கியிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவில் (PayNow) அனுப்பினால் 12 வெள்ளி குறைப்பதாகச் சொன்னார். 180 வெள்ளி 168 ஆனது. உடனே அனுப்பிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததும் பெயிண்ட் நெடி. மரம் என்றது மரக்கோடு அச்சிட்ட காகிதம். நகத்தால் கீறினால் உள்ளே ஸ்டைரோஃபோம். மூட்டுகளில் சூட்டுப்பசை கட்டிகட்டியாக உறைந்திருந்தது. நான் பார்ப்பதற்குள் மகள் ஆசையாகக் கட்டிலைக் கூண்டில் வைத்துவிட்டாள். ஹாம்ஸ்டருக்கு முன்பல் வாழ்நாள் முழுவதும் வளரும்; கிடைத்ததையெல்லாம் அது கொறிக்கத்தான் செய்யும். ஒரே இரவில் கட்டிலின் ஒரு முனையே இல்லை. விலங்கு மருத்துவர் சில நாள் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்.

விற்றவரைக் கேட்டால் முதலில் "பசை காய ஒரு வாரம் ஆகும்" என்றார். பிறகு "உங்கள் ஹாம்ஸ்டருக்குத்தான் ஏதோ கோளாறு" என்றார். 168 வெள்ளியைத் திருப்பிக் கேட்டதும் "பிரித்த பொருளைத் திரும்ப வாங்குவதில்லை" என்று சொல்லி என் எண்ணைத் தடுத்துவிட்டார். செயலிக்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை என்று கைகழுவிவிட்டார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. செயலிக்கு வெளியே ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். கொறிக்கும் பிராணிக்கு ஸ்டைரோஃபோமும் சூட்டுப்பசையும் வேண்டவே வேண்டாம். உரையாடல்களை அழிக்காமல் வையுங்கள்; 20,000 வெள்ளிவரை சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், ஆனால் விற்றவர் யார், எங்கிருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு தொலைபேசி எண்தான் இருக்கிறது. மோசடி என்று சந்தேகம் வந்தால் பணம் கட்டும் முன்பே 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள்.

இதை எழுதும்போதும் அதே கட்டில், அதே காணொளி, வேறு பெயரில் விற்பனைக்கு இருக்கிறது.